இரண்டேகால் மணியும் மூன்றேகால் மணியும்

வேல்ஸின் ஹோலிஹெட் துறைமுகத்திலிருந்து அயர்லாந்தின் டப்ளினுக்குக் கடல்வழி சுமார் 110 கிலோமீட்டர். ஒரே கம்பெனி, ஒரே துறைமுகங்கள், கப்பல் மட்டும் இரண்டு ரகம். ‘டப்ளின் ஸ்விஃப்ட்’ என்ற வேகக் கப்பல் இரண்டேகால் மணி நேரத்தில் கொண்டு சேர்த்துவிடும். ‘யுலிசிஸ்’ என்ற பெரிய கப்பலுக்கு மூன்றேகால் மணி நேரம் வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு கிளம்புகிறவர்கள் இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பார்கள். பிள்ளைகளின் பொறுமை எத்தனை நிமிடம் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். ஒரு மணி நேரம் மிச்சம் என்றதும் கை தானாக ஸ்விஃப்ட்டுக்குத்தான் டிக்கெட் போடும். மான்செஸ்டரில் குடியேறியபின் இரண்டிலும் பிள்ளைகளோடு போய்வந்ததில், அந்த ஒரு மணி நேரம் யாருக்கு லாபம், யார் தலையில் அதன் செலவு விழுகிறது என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கத் தோன்றியது.

முதலில் கப்பல்கள். யுலிசிஸ் 2001இல் பின்லாந்தின் ரௌமா என்ற ஊரில் கட்டப்பட்டது. 209 மீட்டர் நீளம், பன்னிரண்டு தளம், 1,342 கார்கள் ஏற்றலாம். கட்டி முடித்தபோது உலகத்திலேயே அதிகக் கார் கொள்ளும் ஃபெரி இதுதான். வேகம் 22 நாட், நம் கணக்கில் மணிக்கு 41 கிலோமீட்டர். டப்ளின் ஸ்விஃப்ட்டும் 2001இல் பிறந்ததுதான், ஆனால் ஆஸ்திரேலியாவில். ஆஸ்டல் நிறுவனம் கட்டிய அலுமினிய கேட்டமரான், 101 மீட்டர் நீளம். அப்போது அதன் பெயர் ‘வெஸ்ட்பேக் எக்ஸ்பிரஸ்’. ஒக்கினாவாவில் இருந்த அமெரிக்க மரைன் படைக்கு ஆளும் சாமானும் ஏற்றிக்கொண்டிருந்தது. 2016இல் யுலிசிஸை ஓட்டும் அயர்லாந்துக் கம்பெனி வாங்கி, உள்ளே எல்லாவற்றையும் மாற்றி, 2018இல் இந்த வழித்தடத்தில் விட்டது. 35 நாட், அதாவது 65 கிலோமீட்டர் வேகம். எண்ணூறு பேர், இருநூறு கார் என்ற அளவு. சிப்பாய்களை ஏற்றிய கப்பலில் இப்போது தள்ளுவண்டிக் குழந்தைகள்.

இரண்டுக்கும் உள்ள முதல் வேறுபாடு கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது: சட்டத்தில். வேகக் கப்பல்களுக்கென்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு தனி விதித்தொகுப்பு வைத்திருக்கிறது. 1994இல் ஒன்று வந்தது, 2000இல் அதைத் திருத்திப் புதிதாக எழுதினார்கள். அதைப் படித்தால் கப்பல் விதி மாதிரியே இருக்காது, விமான விதி போலிருக்கும். ஒவ்வொரு பயணிக்கும் ஓர் இருக்கை இருந்தே ஆக வேண்டும். பயணிக் கப்பல் எங்கே இருந்தாலும் நான்கு மணி நேரத்துக்குள் ஒரு புகலிடத்தை எட்டக்கூடிய வழியில்தான் போகலாம். எவ்வளவு உயர அலை வரை ஓட்டலாம் என்பது அந்தந்தக் கப்பலின் அனுமதிப் பத்திரத்திலேயே எழுதியிருக்கும். அதற்குமேல் அலை எழுந்தால் கேப்டன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கிளம்பக் கூடாது. எடை குறைய வேண்டும் என்பதற்காக அலுமினியம், எடை குறைய வேண்டும் என்பதற்காகவே குறைந்த அலங்காரம். மொத்தத்தில் வேகக் கப்பல் என்பது கார் ஏற்றிக்கொள்ளும் விமானம்.

அதில் நான்கு வயதுக் குழந்தையை உட்கார வைத்துப் பாருங்கள். கடல் லேசாகக் கிளர்ந்ததும் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும்: தயவுசெய்து எழுந்து நடக்காதீர்கள். பெரியவர்களுக்கு அது ஓர் அறிவுரை. குழந்தைக்கு அது தண்டனை. கீழே கார் தளத்துக்குப் போக முடியாது. ஓடும்போது அங்கே யாரையும் விட மாட்டார்கள், இது எந்தக் கப்பலுக்கும் பொது. ஆகவே மேலே எடுத்துவந்த பையில் என்ன இருக்கிறதோ அதுதான் இரண்டேகால் மணி நேரத்துக்கு உலகம். டயபர் காரிலேயே தங்கிவிட்டால் தங்கிவிட்டதுதான்.

யுலிசிஸ் வேறு மாதிரி. எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் நாவலிலிருந்து பெயர் எடுத்ததால் உள்ளேயும் அதே விளையாட்டு: மது அருந்தும் இடத்துக்கு நாவலின் நாயகன் பெயர், குடும்பங்களுக்கான விளையாட்டுக் கூடத்துக்கு ஒற்றைக்கண் அரக்கன் சைக்ளோப்ஸின் பெயர். சினிமா உண்டு. வெளித்தளம் உண்டு. காசு கொடுத்தால் பகலிலும் கேபின் கிடைக்கும். இந்தக் கேபின் விஷயத்தைப் பலரும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கைக்குழந்தையை வைத்திருப்பவர்களைக் கேட்டால் கதை மாறும். கதவைச் சாத்திக்கொண்டு பால் கொடுக்கலாம், சொந்தமாக ஒரு கழிவறை, குழந்தை தூங்கியதும் மூத்ததை மற்றவர் அழைத்துக்கொண்டு மேலே போய்விடலாம். மூன்றேகால் மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் தூக்கத்திலேயே போய்விடும்.

என் மகனுக்கு யுலிசிஸ் என்பது கப்பலே இல்லை, ஒரு கட்டடம். ஏறியதும் மாடிப்படிகளை எண்ணத் தொடங்குவான். ஒவ்வொரு தளத்திலும் படிக்கட்டுச் சுவரில் இருக்கும் எண்ணை வாய்விட்டுப் படிப்பான். எங்கள் கார் எந்தத் தளத்தில் நிற்கிறது என்பது அவனுக்கு மட்டும்தான் நினைவிருக்கும். இறங்கும் நேரத்தில் என் கணவர் போனில் எடுத்துவைத்த படத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது இவன் எண்ணைச் சொல்லிவிட்டு முன்னால் நடந்துகொண்டிருப்பான். மூன்றேகால் மணி நேரமும் கடலை அவன் பார்த்தது மொத்தம் பத்து நிமிடம் இருக்காது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன்: வயிறு.

வேகக் கப்பல்தான் அதிகம் ஆட்டும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். பாதிதான் உண்மை. குமட்டலை எந்த அசைவு கிளப்புகிறது என்று 1970களில் ஆட்களை ஏற்றி இறக்கும் கருவிகளில் உட்காரவைத்துச் சோதித்திருக்கிறார்கள். மேலும் கீழுமாக ஏறக்குறைய ஐந்து விநாடிக்கு ஒருமுறை வரும் மெதுவான அசைவுதான் வயிற்றுக்கு மிக மோசம். தடதடவென்று விநாடிக்கொருமுறை குலுக்கினால் எரிச்சல் வரும், முதுகு வலிக்கும், ஆனால் அவ்வளவாக வாந்தி வராது. நம் ஊர் டவுன் பஸ்ஸில் உடம்பெல்லாம் குலுங்கினாலும் தாங்குகிறவர்கள், மலைப்பாதையில் மெதுவாக வளையும் காரில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு உட்கார்ந்திருப்பதும் இந்தக் கணக்குதான்.

ஐரிஷ் கடல் பெரும்பாலும் நிலம் சூழ்ந்த சிறிய கடல். அதில் காற்று எழுப்பும் அலைகள் குட்டையானவை. ஆறு விநாடிக்கு ஒன்று வரும் அலையை எடுத்துக்கொள்வோம். ஆழமான நீரில் அப்படிப்பட்ட அலையின் நீளம் சுமார் 56 மீட்டர், அது ஓடும் வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர். அங்கே பெரும்பாலும் காற்று மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ அடிக்கும். ஹோலிஹெட்டிலிருந்து டப்ளின் நேர் மேற்கு. ஆகவே போகும்போது அலை எதிரே வருகிறது. 65இல் போகும் ஸ்விஃப்ட், 34இல் எதிரே வரும் அலையைச் சந்தித்தால் இரண்டு விநாடிக்கு ஓர் இடி. தொம், தொம் என்று இருக்கும், கப்பல் முழுக்க அதிரும், கோப்பையில் காபி வட்டம் போடும். ஆனால் வயிறு தாக்குப்பிடிக்கும்.

திரும்பும்போதுதான் வினை. இப்போது அலையும் கிழக்கே ஓடுகிறது, கப்பலும் கிழக்கே ஓடுகிறது. 34இல் போகும் அலையை 65இல் போகும் கப்பல் மெல்லப் பின்னாலிருந்து பிடித்துத் தாண்டுகிறது. கணக்குப் போட்டால் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே ஆறரை விநாடி. குமட்டலைக் கிளப்பும் எல்லைக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துவிடுகிறது! அலை நேர் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் சாய்ந்து வந்தால் இரட்டை உடல் கொண்ட கப்பல் ஒரு மூலையைத் தூக்கி எதிர்மூலையை அமிழ்த்தி, முறுக்கியபடி போகும். இந்த அசைவைத் தணிக்கக் கப்பலின் அடியில் தானாக அசையும் தகடுகளெல்லாம் வைக்கிறார்கள். தணிக்கத்தான் முடியும்.

இதே அலையில் யுலிசிஸ்? 41இல் போகிற கப்பல், 34இல் போகிற அலை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம். ஓர் அலையைத் தாண்ட அரை நிமிடம் ஆகும். அதோடு 209 மீட்டர் நீளக் கப்பல் ஒரே நேரத்தில் மூன்று நான்கு அலைகளின் மேல் படுத்திருக்கிறது. ஓர் அலை தூக்க நினைத்தால் அடுத்தது இறக்குகிறது. நல்ல காற்று நாளில்கூட உள்ளே இருப்பவர்களுக்கு லேசாகச் சாய்ந்து நிமிர்வது மட்டும்தான் தெரியும். பெரும்புயல் என்றால் அதுவும் ஆடும், அது வேறு கதை.

இந்தக் கணக்கெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. முதலில் தெரிந்தது ஒரு காகிதப் பை. டப்ளினிலிருந்து திரும்பும் ஸ்விஃப்ட் அந்த ஊர் விரிகுடாவைத் தாண்டிச் சற்று நேரமே ஆகியிருக்கும். யாரும் கேட்காமலே ஒரு பணியாளர், கையில் கட்டுக்கட்டாக வெள்ளைப் பைகளோடு வரிசை வரிசையாக வந்தார். பிள்ளைகள் இருக்கும் இருக்கைகளில் மட்டும் நின்று நின்று, சிரித்தபடி ஆளுக்கு இரண்டு கொடுத்தார். “எனக்கு ஒண்ணும் பண்ணலையே, எதுக்கும்மா பை?” என்றாள் மகள். கால் மணி நேரம் கழித்து அவளே அதைப் பிரித்தாள். அந்தப் பணியாளருக்குக் கடலைப் பார்க்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. எந்தப் பக்கம் போகிறோம், காற்று எங்கிருந்து வருகிறது என்ற இரண்டும் போதும்.

இதில் வயதுக்கும் பங்கு உண்டு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயணக் குமட்டல் அபூர்வம். இரண்டிலிருந்து பன்னிரண்டு வரைதான் உச்சம். கைக்குழந்தையோடு வேகக் கப்பலில் ஏறியவர்கள் “ஒன்றுமே தெரியவில்லை, குழந்தை நன்றாகத் தூங்கியது” என்று சொல்வார்கள், உண்மையாகவே சொல்வார்கள். அவர்களே மூன்று வருடம் கழித்து அதே குழந்தையோடு போனால் வேறு மாதிரி சொல்வார்கள். குழந்தையோடு போகலாமா என்று கேட்பவரிடம் எத்தனை வயது என்று கேட்காமல் பதில் சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

ஆகவே என் தீர்ப்பு வயதைப் பொறுத்து இரண்டாகப் பிளக்கிறது. மடியில் இருக்கும் குழந்தை, கோடைக்காலக் காலை, காற்றில்லாத நாள் என்றால் ஸ்விஃப்ட்தான். அந்தக் குழந்தைக்கு ஓட இடம் தேவையில்லை, குமட்டல் இல்லை, ஒரு தூக்கம் தூங்கி எழுவதற்குள் டப்ளின். கேபினுக்குக் காசும் மிச்சம். மூன்றிலிருந்து பத்து வயதுவரை இருந்தால் யுலிசிஸ்தான். கூடுதலாகும் ஒரு மணி நேரத்தை நாம் இழக்கவில்லை, பிள்ளைகள் அதை ஓடித் தீர்த்துவிடுகிறார்கள். இறங்கியபின் காரில் இன்னும் தூரம் போக வேண்டியவர்களுக்கு அந்த ஓட்டம் பெரிய வரம். பின்சீட்டில் அரவமே இருக்காது.

இரண்டையும் கலக்கவும் செய்யலாம், அலைக்கணக்கு தெரிந்தபின் நாங்கள் அதைத்தான் செய்கிறோம். போகும்போது ஸ்விஃப்ட். பிள்ளைகளும் புது உற்சாகத்தில் இருப்பார்கள், தொம் தொம் என்று இடித்தாலும் அவர்களுக்கு அது ராட்டினம். திரும்பும்போது யுலிசிஸ். விடுமுறை முடிந்து சோர்ந்துபோன பிள்ளைகளை ஆறரை விநாடி ஊஞ்சலில் வைக்க வேண்டாமே.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டேகாலையும் மூன்றேகாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். ஆனால் எந்தக் கப்பலானாலும் ஒரு மணி நேரம் முன்பே துறைமுகத்தில் இருப்பது நல்லது. வரிசையில் காரில் காத்திருக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் கார் தளத்துக்கு இறங்கி முன்னால் நிற்கும் வண்டிகள் நகரக் காத்திருக்க வேண்டும். மான்செஸ்டரிலிருந்து ஹோலிஹெட் வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் சாலை இருக்கிறது. வீட்டு வாசலிலிருந்து வாசல்வரை பார்த்தால் முழுநாள் பயணத்தில் ஒரு மணி நேரம். அந்த முழுநாளில் பிள்ளைகளுக்குக் கைகால் நீட்டக் கிடைக்கும் ஒரே இடம் கப்பல்தான், அங்கேயும் இருக்கையில் கட்டிப்போடுவதா என்பதுதான் கேள்வி.

ஒரு விஷயத்தில் யுலிசிஸ் தோற்கிறது. நள்ளிரவு தாண்டி ஒன்று, பிற்பகல் ஒன்று என்று ஹோலிஹெட்டிலிருந்து அது கிளம்பும் நேரம் சரக்கு லாரிகளை மனத்தில் வைத்துப் போட்டது. பிள்ளைகளை நினைத்துப் போட்டது இல்லை. பிற்பகல் கப்பல் நிரம்பிவிட்டால் நள்ளிரவுக் கப்பல்தான், தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி மாடியாக ஏற வேண்டும். ஸ்விஃப்ட் ஓடும் நேரங்கள் மனிதத்தனமானவை. ஆனால் ஸ்விஃப்ட் வருடம் முழுக்க ஓடாது, குளிர்காலத்தில் நிறுத்திவிடுவார்கள்; ஓடும் மாதங்களிலும் அலை வரம்பு தாண்டினால் ரத்து. காலையில் பயணம், முந்தின மாலை செய்தி வரும். பெரிய கப்பலில் இடம் மாற்றித் தருவார்கள். பிள்ளைகளிடம் “வேகமான கப்பல்” என்று ஒரு வாரமாகச் சொல்லிவைத்திருந்தால் அதன் பலனை நீங்கள்தான் அனுபவிக்க வேண்டும்.

இந்தக் கடலில் வேகத்தின் உச்சத்தை ஒரு காலத்தில் பார்த்துவிட்டார்கள். 1996இல் ‘ஸ்டெனா எக்ஸ்புளோரர்’ என்ற ராட்சதக் கேட்டமரான் ஹோலிஹெட்டிலிருந்து டப்ளினை ஒட்டிய டன் லேரிக்கு 99 நிமிடத்தில் போனது. யுலிசிஸ் பிறந்த அதே ரௌமாவில் பிறந்தது. ஆயிரத்து ஐந்நூறு பேர், விமானங்களில் இருப்பது போன்ற எரிவாயு டர்பைன் நான்கு, உள்ளே மெக்டொனால்ட்ஸ்கூட இருந்தது. வேகமும் வேண்டும் இடமும் வேண்டும் என்றால் இரண்டையும் ஒரே கப்பலில் தர முடியும் என்று அது காட்டியது. அதற்கு ஆகும் எரிபொருளுக்கு யார் காசு கொடுப்பது என்பதையும் காட்டியது. எண்ணெய் விலை ஏற ஏற வேகத்தைக் குறைத்துக் குறைத்து ஓட்டினார்கள், 2014இல் நிறுத்தியே விட்டார்கள். துருக்கியில் ஒரு கப்பல் தளத்தில் அலுவலகக் கட்டடமாக நிற்கப் போனது.

போன வருடம் என் நாத்தனார் போன் செய்தார். இலங்கையில் நல்லூர்த் திருவிழாவுக்கு நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் போகலாமா, பிள்ளைகள் இரண்டும் சின்னது என்றார். நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கும் தூரம் அதே 110 கிலோமீட்டர்தான். 2023 அக்டோபர் 14 அன்று ‘செரியபாணி’ என்ற வேகக் கப்பலோடு தொடங்கி, பருவமழை நெருங்கியதால் சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடி ஓடத் தொடங்கிய வழி அது. இரண்டிலும் இருக்கை நூற்றைம்பது அளவு. சுமார் நான்கு மணி நேரம் ஆகும் என்பதால் வேகக் கப்பல் என்று சொல்லும் வேகம் பயணத்தில் அவ்வளவு இல்லை. என் ஐரிஷ் கணக்கை அங்கே அப்படியே கொண்டுபோய் ஒட்ட முடியாது. ஆனால் சின்னக் கப்பல், உட்கார்ந்தே போவது, பருவம் பார்த்து நிற்பது எல்லாம் ஸ்விஃப்ட்டின் குணம்தான். அங்கே இல்லாதது யுலிசிஸ். 2011இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ‘ஸ்காட்டியா பிரின்ஸ்’ என்று ஆயிரம் பேர் கொள்ளும் பெரிய கப்பல், இரவு படுத்து எழுந்து போகிற மாதிரி, சில மாதம் ஓடியது. ஆள் சேரவில்லை, அந்த வருடமே நின்றுவிட்டது. பிள்ளைக்காரர்களுக்கு ஏற்ற கப்பல் அதுதான். நம் கடலில் தேர்ந்தெடுக்க இரண்டு இல்லை, இருக்கிற ஒன்றில் சமாளிக்க வேண்டியதுதான்.

நாத்தனாரிடம் சொன்னது இது. ஆறு வயதுக்காரனுக்கு வாந்தியைத் தடுக்கும் மாத்திரை தரலாமா, எவ்வளவு என்று குழந்தை மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கப்பல் கிளம்பியபின் கொடுத்தால் அவ்வளவு பிரயோஜனமில்லை. நடுவிலோ சற்றுப் பின்னாலோ உட்காருங்கள், முன்வரிசைதான் அதிகம் ஏறி இறங்கும். ஜன்னல் பக்கம் பெரியவனுக்கு, தூரத்தில் வானமும் கடலும் தொடும் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். டேப்லெட்டை மட்டும் எடுத்துக் கையில் கொடுக்காதீர்கள், தலைகுனிந்து திரையைப் பார்த்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஒன்றரை வயதுக்காரியைப் பற்றிக் கவலை வேண்டாம், தூங்கிவிடுவாள். அவர் கேட்ட அடுத்த கேள்வி, இட்லி கட்டிக்கொண்டு போகலாமா என்று. தாராளமாக. சட்னி வேண்டாம், பொடி போதும், எண்ணெயும் கம்மியாக.